நடுவில் வரும் மாதங்கள்



உடல் எடையைக் குறைக்கத் தொடங்குகிறவருக்குச் சொல்ல ஊரில் எல்லோரிடமும் யோசனை இருக்கிறது. குறைத்து முடித்தவரைப் பாராட்டவும் ஆள் இருக்கிறது. தொடங்கி ஐந்தாறு மாதமாகி, இன்னும் முடியாமல் நடுவில் நிற்கிறவர்களிடம் பேசத்தான் யாரும் இல்லை. நமக்கு வரும் கடிதங்களில் இவர்களுடைய குரலை அடிக்கடி கேட்கிறேன். காலையில் நடக்கிறார்கள். டீயில் சர்க்கரையை விட்டுவிட்டார்கள். இரவில் சோற்றுக்குப் பதில் இரண்டு சப்பாத்தியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முதல் மாதம் மூன்று கிலோ இறங்கியது, அடுத்த மாதம் ஒன்றரை, அதற்கடுத்த மாதம் அரை. பிறகு எடை மெஷின் அசையவே இல்லை. கடிதம் முடிகிற இடத்தில் ஒரே கேள்விதான் நிற்கிறது: இவ்வளவு செய்தும் இறங்கவில்லையே, இனி எதற்காகச் செய்ய வேண்டும்?

இது ஒன்றிரண்டு பேருடைய கவலை இல்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் கூடுதல் எடையோ உடல்பருமனோ உள்ளவர்கள். அதற்கு முந்தைய ஆய்வில் இது 31, 28 என்று இருந்தது. அத்தனை வீடுகளிலும் யாரோ ஒருவர் தொடங்கி, விட்டு, மறுபடி தொடங்கிக்கொண்டிருக்கிறார். அவர்களோடு பேசத்தான் இந்த மாதப் பக்கம்.

முதல் மாத வேகத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் அதிகம் என்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கல்லீரலும் தசைகளும் அவசரத் தேவைக்கென்று கொஞ்சம் சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேர்த்து வைத்திருக்கின்றன. அதில் ஒவ்வொரு கிராமோடும் சுமார் மூன்று கிராம் தண்ணீர் சேர்ந்தே இருக்கும். சோற்றையும் இனிப்பையும் குறைத்த சில நாட்களில் இந்தச் சேமிப்பு கரைகிறது, கூடவே தண்ணீரும் போகிறது. தொடக்க வாரங்களில் மெஷின் காட்டும் இறக்கத்தில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்பு கரைவது அதைவிட மெதுவான வேலை. முதல் மாதம் மூன்று கிலோ போனதை வைத்து, பொங்கலுக்குள் பதினைந்து கிலோ என்று கணக்குப் போட்டவர் மூன்றாவது மாதத்தில் தோற்றுப்போனதாக நினைக்கிறார். அவர் தோற்கவில்லை. கணக்கின் தொடக்கமே தவறாக இருந்தது, அவ்வளவுதான்.

இதற்கடுத்து வருவது இன்னும் கடினமான கட்டம். எடை ஓரளவு இறங்கியதும் உடம்பு அதை ஆபத்தாக எடுத்துக்கொள்கிறது. பஞ்சகாலங்களைத் தாண்டி வந்த உடம்பு அது. சேமிப்பு குறைந்தால் காப்பாற்றத்தான் பார்க்கும். கொழுப்புத் திசுவிலிருந்து சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோனை 1994இல் அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழுவினர் கண்டுபிடித்தார்கள். கையிருப்பு போதும் என்று மூளைக்குச் சொல்லும் தூதன் அது. கொழுப்பு குறைந்தால் லெப்டினும் குறைகிறது. இரைப்பையில் சுரந்து பசியைக் கிளப்பும் கிரெலின் அதே நேரத்தில் ஏறுகிறது. ஆஸ்திரேலியாவின் மெல்பர்னில், பத்து வாரம் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டில் இருந்தவர்களை ஓராண்டு கழித்து மறுபடி சோதித்துப் பார்த்து 2011இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஓராண்டுக்குப் பிறகும் பசி ஹார்மோன்கள் பழைய நிலைக்குத் திரும்பியிருக்கவில்லை. எடை குறைத்து ஒரு வருடம் ஆனவருக்கும் முன்பைவிட அதிகமாகப் பசித்தது.

இதைப் படிக்கிற ஒருவராவது இன்றிரவு தன்னைத்தானே திட்டிக்கொள்வதை நிறுத்தினால் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. “எனக்குக் கட்டுப்பாடே இல்லை”, “நாக்குக்கு அடிமையாகிவிட்டேன்” என்று எத்தனை பேர் எழுதுகிறீர்கள்! ஆறாவது மாதத்தில் ராத்திரி பத்து மணிக்குச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போகும் பசி, குணக்கேடு அல்ல. ரத்தத்தில் அளந்து பார்க்கக்கூடிய ஒன்று.

மன உறுதியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எனக்கு மினசோட்டா நினைவுக்கு வரும். இரண்டாம் உலகப் போர் முடியும் தறுவாயில், போரில் பட்டினி கிடந்த மக்களுக்கு எப்படி உணவு கொடுத்து மீட்பது என்று அறிய, அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனை நடத்தினார். மனசாட்சியின் பேரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். உடலும் மனமும் திடமானவர்களாகப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். 1945இல் 24 வாரங்கள் அவர்களுக்கு நாளுக்குச் சுமார் 1,600 கலோரி உணவு. வாரத்துக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் நடை. எடையில் நான்கில் ஒரு பங்கு போயிற்று. அதோடு வேறு என்னென்னவோ நடந்தது. எப்போதும் சாப்பாட்டைப் பற்றியே பேசினார்கள், சமையல் புத்தகங்களைச் சேர்க்கத் தொடங்கினார்கள், தட்டை நக்கினார்கள். குளிர் தாங்கவில்லை. சிரிப்பு போயிற்று, எரிச்சலும் சோர்வும் வந்தன. சோதனை முடிந்து நிறையச் சாப்பிடக் கிடைத்த பிறகும் பலருக்கு வெகுநாள் வயிறு நிறைந்த உணர்வே வரவில்லை.

அந்த இளைஞர்கள் ஒல்லியானவர்கள், கூடுதல் எடை உள்ளவருடைய நிலை அப்படியே அதுவல்ல என்பது உண்மை. ஆனாலும் இன்று வாட்ஸ்அப்பில் சுற்றும் டயட் சார்ட்டுகளில் பல 1,200 கலோரி என்கின்றன, சில ஆயிரம் என்கின்றன. பிறருக்காகத் தன் உடம்பையே கொடுக்கத் துணிந்தவர்கள் 1,600 கலோரியில் அந்தப் பாடு பட்டார்கள் என்றால், ஆபீஸ், பிள்ளைகள், மாமியார், மாவு அரைப்பது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு ஆயிரம் கலோரியில் மாதக்கணக்காக இருக்க முடியாமல் போவதில் வெட்கப்பட என்ன இருக்கிறது? மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் அப்படிப்பட்ட சார்ட்டைப் பின்பற்றாதீர்கள் என்று இந்தப் பக்கத்தின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். வேகமாக இறக்குவதன் விலையை அமெரிக்காவின் ‘தி பிக்கஸ்ட் லூசர்’ டிவி நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர்கள் கொடுத்திருக்கிறார்கள். 14 பேரை ஆறு ஆண்டு கழித்துச் சோதித்த ஆய்வு 2016இல் வந்தது. சராசரியாக 58 கிலோ குறைத்தவர்களுக்கு 41 கிலோ திரும்ப ஏறியிருந்தது. சும்மா இருக்கும்போது அவர்கள் உடம்பு செலவழிக்கும் சக்தியோ, அந்த எடைக்கு எதிர்பார்க்கும் அளவைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே நின்றிருந்தது.

இதெல்லாம் படித்தால் நம்பிக்கை போய்விடுமே என்று கேட்பீர்கள். நான் சொல்ல வந்தது இனிமேல்தான். அது நம் சென்னையில் நடந்தது.

டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோய் வரும் விளிம்பில் இருந்த 531 பேரைத் தேர்ந்தெடுத்து மூன்று ஆண்டு தொடர்ந்து கவனித்தது. ஒரு பிரிவினருக்கு வழக்கமான பொது அறிவுரை மட்டும். இன்னொரு பிரிவினருக்கு வாழ்க்கைமுறை மாற்றம்: தினமும் அரை மணி நேரமாவது வேகமான நடை, சர்க்கரையையும் மாவுச்சத்தையும் கொழுப்பையும் குறைப்பது, நார்ச்சத்தைக் கூட்டுவது. மற்றப் பிரிவுகளுக்கு மாத்திரையும் உண்டு. 2006இல் முடிவுகள் வெளியாயின. அறிவுரை மட்டும் கேட்டவர்களில் நூற்றுக்கு 55 பேருக்கு மூன்றாண்டில் சர்க்கரை நோய் வந்தது. நடந்து, உணவை மாற்றியவர்களில் 39 பேருக்கு. இனி நான் சொல்வதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள்: அந்த இரண்டாவது பிரிவினருக்குச் சராசரி எடை குறிப்பிடும்படி குறையவே இல்லை.

மூன்று வருடம் நடந்தார்கள். மெஷினில் ஏறி நின்றபோதெல்லாம் பழைய எண்ணையே பார்த்தார்கள். அவர்களில் எத்தனையோ பேர் “என்ன பிரயோசனம்” என்று சலித்திருப்பார்கள். ஆனால் நடக்கிற தசை ரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்துகிறது, இன்சுலினுக்கு முன்பைவிட நன்றாக இணங்குகிறது. அந்த வேலை உள்ளே நடந்துகொண்டே இருந்தது. வரவேண்டிய நோய் பலருக்கு வரவில்லை. எடை மெஷினுக்கு இதைக் காட்டத் தெரியாது. இனி எதற்காகச் செய்ய வேண்டும் என்று கேட்டவர்களுக்கு நான் தருகிற பதில் இந்த ஆய்வுதான்.

எடை குறைந்தால் பயன் இன்னும் கூடும் என்பதிலும் சந்தேகம் இல்லை. அமெரிக்காவில் 2002இல் வெளியான இதேபோன்ற பெரிய ஆய்வில் உடல் எடையில் 7 சதவீதம் குறைப்பதையும், வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியையும் இலக்காக வைத்தார்கள். சர்க்கரை நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. 80 கிலோ உள்ளவருக்கு 7 சதவீதம் என்பது ஐந்தரை கிலோ சொச்சம். கல்லூரிக் காலத்து எடைக்குத் திரும்ப வேண்டும் என்று இருபத்தைந்து கிலோவைக் குறிவைத்து மூச்சுத் திணறுகிறவர்களே, முதல் ஐந்து கிலோவுக்கே உடம்பு நன்றி சொல்லிவிடுகிறது.

மெஷினுக்குத் துணையாகத் தையல்காரர் வைத்திருக்கும் இஞ்ச் டேப் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். புணேயைச் சேர்ந்த டாக்டர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் அவருடைய ஆங்கிலேய நண்பர் டாக்டர் ஜான் யட்கினும் 2004இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் படத்தையே வெளியிட்டார்கள். இருவருக்கும் உயரத்துக்கேற்ற எடைக் குறியீடு ஒன்றே, 22.3. உடல் கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9 சதவீதம், இந்தியருக்கு 21 சதவீதம். நம் உடல்வாகு அப்படி. வயிற்றைச் சுற்றித்தான் ஆபத்து சேர்கிறது. இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்குள், பெண்களுக்கு 80க்குள் இருப்பது நல்லது என்பது இந்தியர்களுக்கான வரையறை. எடை நின்றுபோன மாதங்களிலும் டேப் பல நேரம் நல்ல செய்தி சொல்லும். மாடிப்படி ஏறும்போது வாங்கும் மூச்சு, மூட்டுவலி, மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை, ரத்த அழுத்தம் இவையும் குறித்து வைக்க வேண்டியவை. எடையை வாரம் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் பார்த்து, காலையில் காட்டும் எண்ணுக்கேற்ப அன்றைய நாளையே இழக்கிறவர்களை நான் அறிவேன்.

தவறிப்போகும் நாட்களைப் பற்றியும் பேச வேண்டும், ஏனென்றால் பலர் விட்டுவிடுவது அங்கேதான். வாரம் முழுக்கக் கவனமாக இருந்தவர் ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்தில் பிரியாணி சாப்பிடுகிறார். அதோடு முடிந்திருந்தால் ஒன்றுமில்லை. “சரி, இன்னைக்குப் போச்சு. திங்கக்கிழமைலேர்ந்து பார்த்துக்கலாம்” என்று பிரட் அல்வா, ஐஸ்க்ரீம், சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி பரோட்டா. அந்தத் திங்கட்கிழமை சில சமயம் தீபாவளி கழிந்து, கல்யாண சீசன் கழிந்து, தை பிறந்த பிறகுதான் வருகிறது. 1975லேயே உளவியலாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். உணவுக் கட்டுப்பாட்டில் இருப்பவர்களுக்கு முதலில் மில்க் ஷேக் கொடுத்துவிட்டு, பிறகு ஐஸ்க்ரீம் வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளச் சொன்னால், அதே கட்டுப்பாட்டில் இருந்து மில்க் ஷேக் குடிக்காதவர்களைவிட அதிகமாகச் சாப்பிட்டார்கள். விரதம் கலைந்துவிட்டது என்ற நினைப்புதான் காரணம்.

இதற்கு மருந்தாக லண்டனில் பிலிப்பா லாலி செய்த ஆய்வு இருக்கிறது. ஒரு புதிய செயல் பழக்கமாகப் படிய எத்தனை நாள் ஆகும் என்று 96 பேரிடம் பார்த்தார். நடுத்தரமாக 66 நாள். சிலருக்கு 18 நாளில் படிந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கிட்டார். இருபத்தொரு நாளில் பழக்கம் வந்துவிடும் என்று கேட்டு, இருபத்திரண்டாவது நாள் அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்கியதற்காக வருந்துகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நடுவில் ஒருநாள் தவறியது பழக்கம் படிவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்றும் அவர் கண்டார். ஆகவே பிரியாணி சாப்பிட்ட மத்தியானத்துக்கு அடுத்த வேளை ராத்திரிதான். அங்கிருந்து பழையபடி தொடரலாம், திங்கட்கிழமை வரை காத்திருக்கத் தேவையில்லை.

வீட்டாரிடமும் ஒரு வார்த்தை. நம் ஊரில் ஒருவர் மெலிந்தால் முதலில் கேட்கப்படுவது, “என்ன இப்படி இளைச்சுட்டீங்க, சுகர் ஏதும் வந்துடுச்சா?” மெலியாமல் இருந்தால், “இவ்ளோ நடந்தும் அப்படியேதான் இருக்கீங்க”. இந்த இரண்டையும் சொல்லாமல் இருப்பதே பெரிய உதவி. “ஒரே ஒரு தோசை, எனக்காக” என்று தட்டில் போடுவதில் அன்பு இருக்கிறது, அது எனக்கும் தெரியும். வேண்டாம் என்று சொல்கிறவர் அந்த அன்பை மறுப்பதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைகளைக் ‘குண்டு’ என்று கூப்பிடுவதைக் கேட்டால் எனக்கு மனம் கொதிக்கிறது. அவமானத்தால் யாரும் மெலிந்ததில்லை. ஒளிந்து சாப்பிடக் கற்றுக்கொண்டவர்கள்தான் உண்டு.

வீட்டில் எல்லோருக்கும் ஒரு சமையல், தனக்கு மட்டும் வேறு சமையல் என்று தொடங்கும் பெண்கள் சீக்கிரம் களைத்துப்போகிறார்கள். எல்லோருக்கும் சமைத்து, கடைசியில் உட்கார்ந்து, பிள்ளைகள் மிச்சம் வைத்ததையும் வீணாக்க மனமில்லாமல் சாப்பிடுகிறவரால் எந்தச் சார்ட்டைப் பின்பற்ற முடியும்? குடும்பத்துக்கே தட்டு மாறுவதுதான் நிற்கும். அதற்கு ஓட்ஸும் அவகாடோவும் வாங்க வேண்டியதில்லை. கீரை மசியல், கூட்டு, சுண்டல், மோர், முட்டை, மீன் குழம்பு எல்லாம் நம் அடுப்பில் இருப்பவைதான். சோறு மலையாகவும் பொரியல் ஓரத்தில் ஒரு கரண்டியாகவும் இருப்பதைக் கொஞ்சம் மாற்றிப் போட வேண்டும். சமைக்கிறவர் வெளியே போய் அரை மணி நேரம் நடந்து வரும்வரை பாத்திரத்தை வேறொருவர் தேய்க்க வேண்டும். இது உணவு யோசனையைவிட முக்கியமான யோசனை என்று நினைக்கிறேன்.

எல்லாம் சரியாகச் செய்தும் அசையவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். தைராய்டு குறைபாடு, சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை, ஸ்டீராய்டு, இன்சுலின், மனநல மருந்துகளில் சில, இவையெல்லாம் எடையைப் பிடித்து நிறுத்தக்கூடியவை. மருந்தைத் தானாக நிறுத்தாதீர்கள், கேட்டு மாற்றிக்கொள்ளலாம். 2025 முதல் மவுஞ்சாரோ, வெகோவி என்ற ஊசிகளும் இந்தியாவில் கிடைக்கின்றன. மருத்துவர் சொல்லிப் போட்டுக்கொள்கிறவர்களைக் குறுக்குவழிக்காரர்கள் என்று பேசுவது அநியாயம். பசியின் ஹார்மோன் கணக்கைத்தான் அந்த ஊசி சரிசெய்கிறது. ஆனால் வெகோவியில் உள்ள செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, ஓராண்டில் குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்ப ஏறியதை ஆய்வு காட்டியிருக்கிறது. அந்த வழியும் நெடுந்தூர வழிதான்.

நெடுந்தூரம் போய்ச் சேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் ரீனா விங், ஜேம்ஸ் ஹில் என்ற இருவர் 1994இல் ஒரு பதிவேட்டைத் தொடங்கினார்கள். குறைந்தது பதின்மூன்றரை கிலோ குறைத்து, ஓராண்டாவது அதைத் தக்கவைத்தவர்கள் மட்டுமே அதில் சேரலாம். பத்தாயிரம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். பெரும்பாலானோர் நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் உடம்பை அசைக்கிறவர்கள். அதிகம் பேர் தேர்ந்தெடுத்தது நடையைத்தான். எனக்குப் பிடித்த தகவல் வேறு. அவர்களில் மிகப் பலர் அதற்கு முன் முயன்று, தோற்று, மறுபடி ஏறியவர்கள். இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை தாக்குப்பிடித்தவர்களுக்கு, அதன் பிறகு நிலைத்துவிடும் வாய்ப்பு வெகுவாகக் கூடுவதையும் அந்தப் பதிவேடு காட்டியது. இன்று உங்களுக்கு இருக்கும் இதே பாடு கடைசிவரை இதே அளவில் இருக்காது.

வரும் இதழ்களில் இந்த நடு மாதங்களுக்கென்றே இரண்டு பக்கம் ஒதுக்குகிறோம். எழுதுங்கள். எத்தனை கிலோ குறைந்தது என்று எழுத வேண்டாம், படமும் அனுப்ப வேண்டாம். எடை நின்றுபோன வாரத்தில், மழை பெய்த காலையில், அல்லது யாரோ மனம் நோகச் சொன்ன சாயங்காலத்துக்கு மறுநாள், உங்களை மறுபடி நடக்கக் கிளப்பியது எது என்று எழுதுங்கள். கூட வந்த தோழியா, பக்கத்து வீட்டு அண்ணனா, மகள் சொன்ன ஒரு வார்த்தையா, ரத்தப் பரிசோதனைச் சீட்டா? பெயரை வெளியிட வேண்டாம் என்றால் அதையும் குறிப்பிடுங்கள். இப்போது விட்டுவிட்டு வீட்டில் இருப்பவர்களும் எழுதலாம். ஏன் விட்டீர்கள் என்று நாங்கள் கேட்க மாட்டோம்.

அன்புடன்,
ஆசிரியர்